பையில் ஒரு டார்ச் லைட்

பெண்களின் கைப்பையைக் கிண்டல் செய்யாத நகைச்சுவைத் துணுக்கு எழுத்தாளரே இல்லை. உள்ளே ஒரு வீடே இருக்கும் என்பார்கள். இருக்கத்தான் செய்கிறது. பணப்பை, சாவி, நாப்கின், தலைவலி மாத்திரை, இரண்டு ஊக்கு, மடித்த துணிப்பை, ஒரு பிஸ்கட் பாக்கெட். வெளியே கிளம்பினால் வழியில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்தவள் போட்ட பட்டியல் அது. சுத்தமான கழிப்பறை கிடைக்காது என்பதால் டிஷ்யூ இருக்கிறது. கூட்டத்தில் இடிக்காத பேருந்து கிடைக்காது என்பதால் ஊக்கு இருக்கிறது.

என் பையில் கூடுதலாக ஒன்று உண்டு. ஆள்காட்டி விரல் நீளத்தில் ஒரு டார்ச் லைட். கறுப்பு அலுமினியக் குழாய், முனையில் ஒரு எல்இடி, உள்ளே ஒரே ஒரு பேட்டரி. பன்னிரண்டு வருடங்களாக இது இல்லாமல் நான் வாசல் தாண்டியதில்லை. இந்தப் பன்னிரண்டு வருடங்களில் வணிக வளாகம், திரையரங்கு, கிரிக்கெட் மைதானம், மெட்ரோ ரயில், நீதிமன்றம், தேர்வு மையம் என்று எத்தனையோ சோதனை வாசல்களில் நின்றிருக்கிறேன். ஊக்கு எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. மாத்திரை எதற்கு என்று கேட்டதில்லை. டார்ச்சைக் கையில் எடுத்தவுடன் மட்டும் எல்லா வாசலிலும் ஒரே கேள்வி வரும்.

“இது எதுக்கு மேடம்?”

இருட்டுக்கு என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்தப் பதில் உண்மையானது என்று நம்ப வேண்டுமானால் அவர்கள் கடத்தூரில் வளர்ந்திருக்க வேண்டும்.

*

தருமபுரி மாவட்டத்தில், பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் இருக்கும் சின்ன பேரூராட்சி எங்கள் கடத்தூர். கடைவீதி, பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு பக்கம். அதைத் தாண்டினால் கொல்லைகள். மரவள்ளியும் கரும்பும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும் பாதைகள். எங்கள் வீடு கடைசித் தெருவிளக்கையும் தாண்டி இருந்தது. அந்தக் கடைசி விளக்கும் எரிவது அதன் இஷ்டம்.

வீட்டில் ஒரு பேட்டரி லைட் இருந்தது. எங்கள் பக்கம் டார்ச்சுக்கு அதுதான் பெயர். இரண்டு கட்டை பேட்டரி போடும் தகர லைட். பேட்டரி தீரப்போகும்போது அம்மா அதைக் கழற்றி வெயிலில் வைப்பார். இன்னும் இரண்டு நாள் ஓட்டலாம் என்று கணக்கு. அப்பா இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது லைட் அப்பாவோடு போய்விடும். இருட்டில் வெளியே போக வேண்டிய அவசியம் அம்மாவுக்கும் எனக்கும்தான் அதிகம். ஆனாலும் லைட் ஆண்களுடையது. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. ஆணின் வேலைக்கு வெளிச்சம் வேண்டும், பெண்ணின் வேலைக்குப் பழக்கம் போதும் என்பது வீட்டுக்கு வீடு இருந்த ஏற்பாடு.

கழிப்பறை இல்லாத வீட்டுப் பெண்கள் விடிவதற்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் கூட்டமாகக் கிளம்புவார்கள். ஒரு லைட் இருந்தால் ஏழு பேர் அதன் பின்னால் நடப்பார்கள். அந்த நடையில்தான் வெளிச்சத்தை எப்படிப் பிடிப்பது என்று கற்றுக்கொண்டேன். காலுக்கு ஓரடி முன்னால் தரையைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். யார் முகத்திலும் அடிக்கக் கூடாது. வரப்பில் கால் வைப்பதற்கு முன் இரண்டு பக்கமும் ஒருமுறை வீச வேண்டும். தூரத்தில் வண்டிச் சத்தமோ ஆண் குரலோ கேட்டால் உடனே அணைத்துவிட வேண்டும்.

கடைசிப் பாடத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. பாம்புக்கு வெளிச்சம் வேண்டும், மனிதனுக்கு இருட்டு வேண்டும். லைட் எரிந்தால் பாதை நமக்குத் தெரியும், நாம் எங்கே இருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியும். எந்த ஆபத்து பக்கத்தில் இருக்கிறது என்று கணித்து, கட்டை விரலால் சுவிட்சை முன்னே பின்னே தள்ளுகிற அந்த அறிவை எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் பாதுகாப்புப் பயிற்சி என்று சொன்னதில்லை. அது பாத்திரம் தேய்ப்பது போல ஒரு தினசரி வேலை.

பாம்பு என்று சொன்னதைப் பயமுறுத்தும் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து மனிதர்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும். கடித்த இடம் பெரிதாக வலிக்காது, வீங்காது. கடிபட்டது தெரியாமலேயே தூங்கப் போனவர்கள் உண்டு. மிதிக்காமல் இருப்பதுதான் முதல் மருத்துவம். அதற்கு ஓரடி வெளிச்சம் போதும்.

2003-ல் நோக்கியா 1100 என்ற போன் வந்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. அதன் தலையில் ஒரு குட்டி லைட் இருந்தது. எங்கள் ஊரில் அதை வாங்கியவர்கள் பேசுவதற்கு மட்டும் வாங்கவில்லை. பேலன்ஸ் இல்லாவிட்டாலும் அந்த போன் வேலை செய்தது. பெண்கள் கைக்குத் தனியாக ஒரு லைட் வந்தது, பல வீடுகளில் அந்த போன் வழியாகத்தான்.

பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது. 2012-ல் சென்னைக்கு இரண்டு மணி நேரம் மின்சாரம் நின்றால் எங்களைப் போன்ற மாவட்டங்களுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் நின்றது. தெருவிளக்கு இருக்கும் ஊரும் இல்லாத ஊரும் அப்போது ஒன்றாகிவிட்டன. நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, மாதம் ஒருமுறை பொம்மிடியில் ரயில் இறங்கி ஊருக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அதற்குப் பிறகு நானே என் காசில் வாங்கிய முதல் டார்ச்தான் பையில் குடியேறியது. நகை வாங்கிய நாள் எனக்கு நினைவில்லை. அதை வாங்கிய நாள் நினைவிருக்கிறது.

*

சென்னையில் ஒரு பெரிய வணிக வளாகம். பெயர் தேவையில்லை, எல்லா வளாகமும் அதுதான். பெண்களுக்குத் தனி வரிசை, துணித் திரை போட்ட ஒரு மறைப்பு. பையைத் திறந்த காவலாளிப் பெண் டார்ச்சை எடுத்து மேசையில் வைத்தார்.

“இதை உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது மேடம்.”

“ஏங்க?”

“ரூல்ஸ் மேடம். எலெக்ட்ரிக் அயிட்டம்.”

“போன்கூட எலெக்ட்ரிக் அயிட்டம்தானே?”

அவருக்குப் பதில் தெரியவில்லை. மேற்பார்வையாளர் வந்தார். ஆண். டார்ச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “போன்லயே லைட் இருக்கே மேடம், இது எதுக்குத் தனியா?” என்றார். பக்கத்து வரிசையில் அவரை விடப் பெரிய பெல்ட் பக்கிளும் கை நிறையச் சாவிக் கொத்துமாக ஒருவர் ட்ரேயில் இருந்து தன் பொருட்களை எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சாவிக் கொத்தை வீசினால் மண்டை உடையும். அது எதற்கு என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆணுக்குச் சாவி இருப்பது இயல்பு. பெண்ணிடம் டார்ச் இருப்பதற்கு ஒரு கதை வேண்டும்.

போனிலேயே லைட் இருக்கிறதே என்ற கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெண்களே இதைக் கேட்கிறார்கள். இரவு பத்து மணிக்கு போனில் எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கும் என்று நமக்குத் தெரியும். அந்த மிச்ச சார்ஜ் ஒரு அழைப்புக்கு வேண்டும். போனை லைட்டாகப் பிடித்தால் அதே நேரத்தில் காதில் வைத்துப் பேச முடியாது. போனின் வெளிச்சம் பக்கத்தில் பரவும், தூரத்துக்குப் போகாது. நீட்டிப் பிடித்த கையில் இருக்கும் போனைப் பறிப்பது சுலபம். நூற்றைம்பது ரூபாய் டார்ச்சைப் பறிக்க யாரும் வண்டியில் வரமாட்டார்கள்.

அன்று டார்ச்சை மேசையிலேயே வைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள். டோக்கன் உண்டா என்றேன். இல்லை. திரும்பி வரும்போது இருக்குமா என்றேன். சொல்ல முடியாது என்றார்கள். நான் உள்ளே போகவில்லை. எனக்கு வேண்டிய செருப்பு தெருக்கடையிலும் கிடைத்தது.

*

தமிழ்நாட்டில் பெண்களைத் தடவிப் பார்க்கும் வழக்கத்தின் பின்னால் ஒரு தேதி இருக்கிறது. 1991 மே 21. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியையும் இன்னும் பலரையும் கொன்ற வெடிகுண்டு ஒரு பெண்ணின் உடலில், ஆடைக்கு அடியில் கட்டப்பட்டிருந்தது. அதற்கு முன்பு பெண்ணின் உடல் அரசியல் கூட்டங்களில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. மரியாதையால் அல்ல, பெண்ணால் என்ன முடியும் என்ற அலட்சியத்தால். 2008 நவம்பர் 26-ல் மும்பையில் தாக்குதல் நடந்தது. அதற்குப் பிறகு ஓட்டல், வணிக வளாகம், திரையரங்கு என்று கூட்டம் சேரும் இடமெல்லாம் உலோகச் சட்டம் போட்ட வாசல்கள் முளைத்தன.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் என் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறோம். சோதனை செய்பவர்களின் சங்கடமும் எனக்குப் புரியும். எக்ஸ்ரே திரையில் துணி, உணவு, காகிதம் போன்றவை ஆரஞ்சு நிறத்தில் தெரியும். கனமான உலோகம் நீலமாகத் தெரியும். என் டார்ச் அதில் ஒரு கெட்டியான குழாய், உள்ளே ஒரு பேட்டரி. பார்ப்பவருக்குச் சந்தேகம் வருவது நியாயம். மைதானத்தில் கோபம் வந்தால் கைக்குக் கிடைத்ததை வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். டார்ச் என்ற பெயரில் ஷாக் அடிக்கும் கருவிகளும் விற்கின்றன. எடுத்துப் பாருங்கள், எரிய வைக்கச் சொல்லுங்கள், கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதுதான் சோதனை. கேட்காமலும் பார்க்காமலும் குப்பைக் கூடையில் போடுவது சோதனை அல்ல.

மெட்டல் டிடெக்டர் ஒரு கத்தியையும் ஒரு பிரா கொக்கியையும் வேறுபடுத்தாது. வேறுபடுத்த வேண்டியது மனிதர். 2017 மே மாதம் கேரளத்தில் கண்ணூரில் நீட் தேர்வு எழுத வந்த மாணவியை உள்ளாடையைக் கழற்றச் சொன்னார்கள். ஐந்து வருடம் கழித்து, 2022 ஜூலையில், கொல்லம் மாவட்டத்தில் அதே தேர்வுக்கு வந்த மாணவிகளுக்கு அதே கொடுமை நடந்தது. இடையில் இருந்த ஐந்து வருடத்தில் கருவிகள் நவீனமாகியிருக்கும். கொக்கி வைத்த உள்ளாடையைப் பாதி மனித குலம் அணிகிறது என்ற தகவல் மட்டும் விதிமுறை எழுதுகிறவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. துடைத்து வைத்த மேசையில் உட்கார்ந்து தடைப் பட்டியல் தயாரிக்கும்போது, அவர்கள் மனதில் இருக்கும் ‘சாதாரண மனிதர்’ சட்டை, பேண்ட், பர்ஸ், போன் என்ற நான்கோடு வருகிறார். இரவில் தனியாக வீடு திரும்ப வேண்டியவர் அவர் அல்ல.

சோதனை என்ற சொல்லுக்கு எங்கள் மாவட்டத்தில் இன்னொரு கனமும் உண்டு. 1992 ஜூன் 20. அரூர் பக்கம் வாச்சாத்தி கிராமத்துக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக் கட்டை தேடி நுழைந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள். 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். வழக்கு பத்தொன்பது வருடம் நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29-ல் உறுதி செய்தது. நீதி வர 31 வருடம் ஆனது. அந்தப் பெண்கள் விடாமல் நின்றார்கள், அதனால் வந்தது.

வணிக வளாகத்து வாசலையும் வாச்சாத்தியையும் ஒரே தராசில் நான் வைக்கவில்லை. வைக்கவும் கூடாது. ஆனால் அந்த மண்ணில் வளர்ந்தவளுக்கு, “சோதனை பண்ணணும், ஒத்துழைங்க” என்ற வாக்கியம் அவ்வளவு லேசாகக் காதில் விழாது. சோதனை செய்யும் கைக்கு ஒரு எல்லை உண்டா, அதை யார் போட்டது, மீறினால் யாரிடம் சொல்வது என்று மனம் தானாகக் கேட்கும். எல்லை உண்டு. கைது செய்யப்பட்ட பெண்ணைக்கூட ஒரு பெண்தான், கண்ணியம் காத்து, சோதிக்க வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51-வது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் அது 49-வது பிரிவு. குற்றம் சாட்டப்பட்டவளுக்கே இந்த உரிமை என்றால் சினிமா பார்க்க வந்தவளுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? தனியார் காவலாளிக்குப் போலீஸ் அதிகாரம் எதுவும் கிடையாது. அவர் நம் சம்மதத்தோடு பார்க்கிறார். நாம் சம்மதிக்காவிட்டால் அனுமதி மறுக்கலாம், அவ்வளவுதான். நம் பொருளைப் பறிமுதல் செய்ய அவருக்கு உரிமை இல்லை.

*

டார்ச்சைத் தடை செய்யும் திரையரங்கு வாசல்களில் நிற்கும்போது எனக்கு ஒரு தீ விபத்து நினைவுக்கு வரும். 1997 ஜூன் 13, டெல்லி உப்ஹார் திரையரங்கு. கீழ்த்தள மின்மாற்றியில் பற்றிய தீயின் புகை மேலே பால்கனிக்கு ஏறியது. மின்சாரம் போனது. அவசரகால விளக்குகள் எரியவில்லை. அதிகமாகப் போட்ட இருக்கைகள் வழியை அடைத்திருந்தன. 59 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். ஒரு டார்ச் அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பார்வையாளர் பையில் இருக்கும் வெளிச்சத்தை ஆபத்து என்று எழுதி வைக்கும் இடம், தன் சொந்த வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று எத்தனை முறை சோதிக்கிறது? வாசலில் நம்மைப் பார்க்க ஆள் இருக்கிறார்கள். அவர்களுடைய அவசர வழியைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

இன்னொரு வாசலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஓர் இசை நிகழ்ச்சி. காவலாளிப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். டார்ச்சை எடுத்தார், என்னைப் பார்த்தார், அணைத்து எரித்துப் பார்த்தார்.

“நல்லா இருக்கு மேடம். எங்க வாங்கினீங்க?”

பாரிமுனையில் வாங்கியது என்றேன். எந்த ஊர் என்று பேச்சு போனது. கடத்தூர் என்றதும் முகம் மாறியது.

“அட, எனக்கு அரூர் பக்கம்தாங்க்கா.” மேடம், அக்கா ஆகிவிட்டது. “இங்க டூட்டி முடிய பதினோரு மணி ஆவுது. ரூமுக்குப் போற சந்துல லைட்டே கிடையாது. நாய் வேற. போன் லைட் அடிச்சா நாய் இன்னும் கொலைக்குது. நாலு நாளா ஒருத்தன் பின்னாடியே வரான்.”

“கம்பெனியில சொன்னீங்களா?”

“சொன்னா டூட்டி மாத்திருவாங்க. நைட் டூட்டி இல்லாட்டி சம்பளம் கம்மி.”

அவர் டார்ச்சை என் கையில் கொடுத்தார். “உள்ள போயி யாராச்சும் கேட்டா, நான் பார்க்கலைன்னு சொல்லிடுங்க்கா” என்றார். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது அந்த டார்ச்சை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கு வேறொன்று வாங்க முடியும்.

அந்த உரையாடலுக்குப் பிறகு சோதனை வாசலில் இருக்கும் பெண்கள் மீது எனக்குக் கோபம் வருவதில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே ஆயிரம் பெண்களின் உடலைத் தொடும் ஒப்பந்த வேலை அது. திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பவர்கள் ஒரே இருட்டுக்குள்தான் வீடு திரும்புகிறோம். அவர் கையில் இருக்கும் தடைப் பட்டியலை அவர் எழுதவில்லை. எழுதியவர் காரில் போகிறார்.

*

இதுவரை படித்த நீங்கள், ஆளுக்கு ஒரு டார்ச் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் முடிக்கப்போவதாக நினைக்கலாம். வாங்குங்கள், நல்ல பொருள்தான். ஆனால் அங்கே நிற்க எனக்கு மனமில்லை.

2018 நவம்பர். தீபாவளி விடுமுறைக்குச் சிட்லிங்கி மலைக் கிராமத்துக்கு வந்திருந்தாள் பதினேழு வயது மாணவி ஒருத்தி. பாப்பிரெட்டிப்பட்டியில் விடுதியில் தங்கி பிளஸ் டூ படித்தவள். இயற்கை உபாதைக்காக வெளியே போனவளை இரண்டு பேர் வன்கொடுமை செய்தார்கள். ஐந்து நாள் கழித்து தருமபுரி அரசு மருத்துவமனையில் இறந்தாள். நாட்டையே தூய்மையாக்குகிறோம் என்று திட்டம் தொடங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. அவளிடம் டார்ச் இருந்திருந்தால் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. அவளுக்கு வேண்டியிருந்தது வீட்டுக்குள் ஒரு கழிப்பறை, பயமில்லாத ஊர், புகாரை உடனே காது கொடுத்துக் கேட்கும் காவல் நிலையம்.

பாதுகாப்பு என்ற பெயரில் பெண்களிடம் விற்கப்படும் ஒவ்வொரு பொருளும் ஒரு பொறுப்பையும் சேர்த்து நம் பையில் போடுகிறது. மிளகு ஸ்ப்ரே, விசில், செயலி, டார்ச். ஏதாவது நடந்தால் முதல் கேள்வி, ஏன் எடுத்துப் போகவில்லை? எடுத்துப் போனால் வாசலில் அடுத்த கேள்வி, இது எதற்கு? இரண்டு கேள்விகளையும் கேட்பது ஒரே சமூகம்தான் என்பதை நான் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துவருகிறேன்.

பெண்கள் இரவைத் தங்களுக்கும் கேட்டது இன்று நேற்றல்ல. 1977 நவம்பரில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், இரவில் வெளியே வராதீர்கள் என்று பெண்களிடம் சொல்லப்பட்டபோது, தீப்பந்தங்களோடு தெருவில் இறங்கி நடந்தார்கள். 2024 ஆகஸ்ட் 14 நள்ளிரவில், மருத்துவமனைக்குள்ளேயே ஒரு பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டதைக் கண்டித்துக் கொல்கத்தா பெண்கள் மெழுகுவத்தியும் போன் லைட்டுமாகத் தெருவை நிறைத்தார்கள். கையில் இருந்தது சின்ன வெளிச்சம். கேட்டது முழு இரவு.

எங்கள் பக்கத்தில் அதைக் கேட்க ஓர் இடம் இருக்கிறது. பொது இடங்களுக்கும் தெருக்களுக்கும் விளக்கு போடுவது ஊராட்சியின் கட்டாயக் கடமை என்கிறது 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 110-வது பிரிவு. சலுகை அல்ல, கடமை. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் என்ற நான்கோடு உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் சேர்ந்து வருடத்துக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. 2021 மே மாதத்தில் இருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விடியல் பயணம் என்று பெயர் வைத்தார்கள். முன்பு ஊருக்குள் முடங்கியிருந்த பெண்கள் வேலைக்கும் படிப்புக்கும் போய்வருகிறார்கள். விடியலில் ஏறுகிறவள் இரவில்தான் இறங்குகிறாள். இறங்கும் இடத்தில் விளக்கு எரிகிறதா என்பது அந்தத் திட்டத்தின் மறுபாதி.

போன வருடம் அம்மாவும் அவருடைய மகளிர் குழுவைச் சேர்ந்த எட்டுப் பேரும் பொழுது சாய்ந்த பிறகு பேருந்து நிறுத்தத்தில் இருந்து ஒவ்வொரு வீடாக நடந்தார்கள். நான் அன்று ஊரில் இருந்தேன். என் டார்ச் அம்மா கையில் இருந்தது. எரியாத விளக்கு இருக்கும் ஒவ்வொரு கம்பத்திலும் வெளிச்சம் அடித்து, அதில் பெயின்ட்டால் எழுதியிருக்கும் எண்ணைப் படித்தார். பள்ளிக்கூடம் போகும் பெண் ஒருத்தி நோட்டில் எழுதிக்கொண்டாள். பதினோரு கம்பங்கள். மறுநாள் அந்த எண்களோடு மனு போனது, ஒன்பது கையெழுத்துகள். மூன்று வாரத்தில் ஏழு விளக்குகள் எரிந்தன. மீதி நான்குக்கும் மறுபடி எழுதியிருக்கிறார்கள்.

சோதனை வாசலில் நிற்கப்போகிற உங்களுக்குச் சில வார்த்தைகள். டார்ச்சைப் பைக்கு அடியில் வைக்காதீர்கள், ட்ரேயில் போன் பக்கத்தில் வையுங்கள். கேட்பதற்கு முன் எரித்துக் காட்டுங்கள், மூடியைக் கழற்றி பேட்டரியைக் காட்டுங்கள். தடை என்றால் எழுதிய விதியைக் காட்டச் சொல்லுங்கள். வாங்கி வைத்தால் டோக்கன் கேளுங்கள். உடலைத் தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடச் சொல்லுங்கள், திரை இல்லாவிட்டால் திரை கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், இறக்கவும் வேண்டாம். உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் பெண்ணும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அடுத்த வாசலில் அவள் கேட்பாள்.